நண்டைத் தேடிப் போய் வெறும் மணலோடு திரும்புகிறவர்களுக்கு

திருவான்மியூர், நீலாங்கரை, கோவளம் என்று சென்னையை ஒட்டிய எந்தக் கடற்கரையில் விடிகாலையில் நடந்தாலும், மணல் நிறத்தில் ஏதோ ஒன்று பக்கவாட்டில் விருட்டென்று ஓடி வளைக்குள் மறைவதைப் பார்க்கலாம். பேய் நண்டு. படம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கேமராவை நீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள். இது ஜெயிக்கவே முடியாத பந்தயம். காம்பு மேல் நிற்கும் அதன் கண்கள் கிட்டத்தட்ட எல்லாத் திசையும் பார்க்கும், காலடி அதிர்வும் அதற்குத் தெரியும்.

நண்டை விட்டுவிட்டு வளையைத் தேர்ந்தெடுங்கள். வாசலில் ஈர மணல் புதிதாக இறைந்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, உங்கள் நிழல் வளை மேல் விழாத பக்கமாகப் படுத்துக்கொண்டு, கேமராவை முன்பே கண்ணோடு வைத்துக் காத்திருங்கள். முதலில் இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கும். ஆர்வத்தில் அப்போது கையைத் தூக்கினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

படுக்கச் சொல்வது வெறும் அழகுக்காக இல்லை. சமதளத்தில் வாழும் நண்டுகளுக்குத் தொடுவானம்தான் எல்லைக்கோடு. தன் கண்மட்டத்துக்கு மேலே அசைவது எதுவானாலும் பறவையோ பகையோ என்றுதான் எடுத்துக்கொள்ளும். பிச்சாவரம், முத்துப்பேட்டை சேற்றில் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும் ஃபிட்லர் நண்டுகளில் இதை நன்றாகவே பார்க்கலாம். ஆகவே நின்றபடி எடுத்தால் இரட்டை நஷ்டம்: நண்டும் பயந்து ஓடும், கிடைக்கிற படத்திலும் மணலில் ஒட்டிய வில்லை மாதிரி முதுகு மட்டுமே தெரியும். சட்டை நனைய மனமில்லாதவர்கள் பழைய பிளாஸ்டிக் சாக்கு ஒன்றை எடுத்துப் போகலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. நீர் வற்றிய ஈர மணலில் குட்டி நண்டுகள் மணலைச் சலித்துத் தின்றுவிட்டு உருண்டைகளாக உருட்டிப் போட்டிருக்குமே, அந்தக் கோலத்தை மேலிருந்து எடுப்பதுதான் சரி. அதுவும் அடுத்த ஏற்றம் வரும்வரைதான் இருக்கும். அதனால் கிளம்புமுன் நீர் வற்றும் நேரத்தைப் பாருங்கள், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

கிழக்குக் கடற்கரைக்கே உரிய ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். காலை வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது. நண்டின் முகத்தில் நேர் வெளிச்சம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் படுக்க வேண்டும். அலை வருவது தெரியாது, கேமரா போகும், சமயத்தில் ஆளையே இழுக்கும். கரைக்கு இணையாகப் படுத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அழகும்கூட: ஓட்டின் சொரசொரப்பு தெரியும், நிழல் விழுவதால் மணலிலிருந்து நண்டு பிரிந்து நிற்கும்.

லென்ஸ் விஷயத்தில் பலர், சிறியதை மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோவை வாங்கிவிட்டு ஏமாறுகிறார்கள். 100 மி.மீ. மேக்ரோவில் உயிரின் நிஜ அளவுக்கே படம் வேண்டுமானால் லென்ஸ் முனைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இருக்காது. அவ்வளவு கிட்டே பேய் நண்டு விடுமா? அதற்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 300 மி.மீ. டெலிபோட்டோதான் உதவும். சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டு, பாறையில் ஒட்டிய நத்தை இவற்றுக்கு மேக்ரோ சரி. ஆனால் அந்த நெருக்கத்தில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் படம் முழுக்க மங்கும். கண்ணில் ஃபோகஸ் இருந்தால் போதும், கால் மங்கினால் மங்கட்டும். கைபேசிக்காரர்கள் மேக்ரோ மோடை மறந்துவிட்டு, டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் அதில் எடுத்து ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். பளபளக்கும் ஈர மணலைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

படத்துக்காக வளையைத் தோண்டுவது, துறவி நண்டைச் சங்கிலிருந்து இழுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். அதன் வயிற்றுப்பகுதி ஓடில்லாத மெத்தென்ற சதை, இழுத்தால் பிய்ந்துவிடும். தெரியாத நீல நிற உயிர்களையும் தொடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகன் மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் கொட்டும் சொறி (ஜெல்லி மீன்) வகைகளைத் தின்று அவற்றின் கொட்டும் செல்களைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் கடல் நத்தை அது.

இரவில் போகிறவர்கள் ஜனவரி முதல் மே வரை டார்ச்சையும் ஃப்ளாஷையும் அடக்கி வைப்பது நல்லது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட ஏறுவதும் குஞ்சுகள் பொரிந்து வருவதும் இந்தக் காலத்தில்தான். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தின் பக்கம் போகும்.

அப்புறம் கருவி. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். கண்ணாடியில் மணல் பட்டால் துணியால் துடைக்காமல் முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடம்பில் உப்பைத் துடைத்து, ட்ரைபாட் கால்களைக் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள்.