மூச்சு வாங்காத குரல்: வோக்கலாய்டு பாடல்களை எப்படிக் கேட்கத் தொடங்குவது

கணினிக் குரல் பாடும் வோக்கலாய்டு பாட்டு கேட்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஹெட்போனைப் பற்றித்தான். போன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் ஒரே கீச்சுக்குரலாகத் தெரியும், இரண்டாவது பாட்டிலேயே அலுத்துவிடும். எனக்கு வேலை சாலிகிராமத்தில், ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில். பாடகர்கள் பாடிவிட்டுக் கிளம்பிய பிறகு, வரிக்கு வரி அவர்கள் இழுத்த மூச்சின் சத்தத்தைக் குறைப்பதும் சுருதி நழுவிய இடங்களைச் சரிசெய்வதும் என் பொறுப்பு. அந்தக் காதோடு கேட்டபோது இந்தப் பாடல்களில் முதலில் தட்டுப்பட்டது மூச்சே இல்லாத வெறுமை. அதையே நூலாகப் பிடித்துக்கொண்டு போனேன். உங்களுக்கும் அந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறேன்.

சுருக்கமாக விஷயம் இதுதான். வோக்கலாய்டு என்பது யமஹா உருவாக்கிய மென்பொருள். 2004-ல் சந்தைக்கு வந்தது. ஒருவருடைய குரலைச் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாகப் பதிந்து வைத்திருப்பார்கள். நாம் ஸ்வரத்தையும் அதற்குரிய அசையையும் கணினியில் எழுதினால், அந்தத் துண்டுகளை ஒட்டிப் பாடிக் காட்டும். 2007 ஆகஸ்ட் 31 அன்று சப்போரோ நகரத்தின் கிரிப்டான் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் வெளியிட்ட குரல்தான் ஹட்சுனே மிக்கு. குரல் கொடுத்தவர் ஃபுஜிதா சாகி. நீலப்பச்சை நிறத்தில் இரட்டைச் சடை போட்ட அந்தப் பெண்ணின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள்.

ஆனால் மிக்குவின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். வீணை என்று மட்டும் போட்டுத் தேடினால் என்னென்ன வந்து குவியுமோ, அதுதான் இங்கும் நடக்கும். மிக்கு ஒரு கருவி. யார் எழுதி இசையமைத்தார் என்று பார்த்துத் தேடுங்கள். ரசிகர்கள் அவர்களைப் 'பி' என்கிறார்கள், புரொட்யூசர் என்பதன் முதல் எழுத்து. பலருடைய பெயரின் கடைசியிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல் பாட்டாக ரியோ எழுதிய 'மெல்ட்' கேளுங்கள். 2007 டிசம்பர் 7-ல் நிக்கோ நிக்கோ என்ற ஜப்பானியக் காணொளித் தளத்தில் வந்தது. அதற்கு முன் வந்தவற்றில் பெரும்பாலானவை மிக்கு தன்னைப் பற்றியே பாடும் பாட்டுகள். 'மெல்ட்' ஒரு சாதாரணப் பெண்ணின் ஒரு நாள்: முன்முடியை வெட்டிக்கொண்டு கிளம்புகிறாள், மழை வருகிறது, பிடித்தவனோடு ஒரே குடையில் நடக்கிறாள். கருவி எதையும் பாடலாம் என்று எல்லோருக்கும் புரிந்தது இந்தப் பாட்டில்தான். இதில் குரலின் விறைப்பு நன்றாகவே கேட்கும். கேட்கட்டும், பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்து நேர் எதிர்த்திசை. காஸ்மோ என்பவரின் 'ஹட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு', 2008-ல் வந்த நீண்ட வடிவம். நிமிடத்துக்கு 240 தாளத்தட்டு வேகம். சொற்கள் கொட்டும் இடங்களில் மனிதத் தொண்டைக்கு மூச்சு எடுக்க இடமே கிடையாது. கணினியிலிருந்து அழிக்கப்படும் ஒரு மென்பொருள் விடைபெறும் பாட்டு இது. மனிதரால் பாட முடியாத வேகத்தில் அந்த விடைபெறல் வருவதால்தான் அது நம்பும்படி இருக்கிறது. முதல் முறை பொருள் தேடாமல் கேளுங்கள், இரண்டாவது முறை மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வோவாகாவின் 'ரோலிங் கேர்ள்', 2010. எனக்கு இந்தத் துறையிலேயே மிக நெருக்கமான பாட்டு இதுதான். பியானோ ஓடிக்கொண்டே இருக்கும், டிரம்ஸ் விடாது. ஒரு பெண் விழுந்து உருண்டு, எழுந்து, மறுபடியும் உருள்கிறாள். ஜப்பானியக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆட்டத்தில் கேட்கும் கேள்வி பதில் பல்லவிதோறும் வரும். கடைசியில் பதில் மாறிவிடும். அவள் மூச்சை நிறுத்திக்கொள்வதைப் பற்றிப் பாடுகிறாள். மூச்சே இல்லாத ஒரு குரல் அதைச் சொல்லும்போது என்ன ஆகிறது என்பதை விளக்குவது கஷ்டம். ஒரு மனிதப் பாடகி பாடியிருந்தால் நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டிருப்பேன். மிக்கு பாடும்போது அந்தச் சோர்வு என்னுடையதாகிவிடுகிறது. வோவாகா பின்னாளில் ஹிட்டோரியே என்ற இசைக்குழுவில் தன் குரலிலேயே பாடினார். 2019 ஏப்ரலில், 31 வயதில் காலமானார்.

அந்தப் பாட்டுக்குப் பின் சற்று வெளிச்சம் வேண்டும். மிச்சி எம் 2011-ல் வெளியிட்ட 'ஃப்ரீலி டுமாரோ' அதைத் தரும். ஒவ்வொரு அசையின் நீளத்தையும், சுருதி எங்கே வளைந்து ஏற வேண்டும் என்பதையும் கையால் செதுக்கி, அதே மிக்குவை ஒரு மனிதப் பாடகிக்கு அருகில் கொண்டுவந்திருக்கிறார். மூச்சுச் சாயல், பிரகாசம், குரல்வாகு என்று மென்பொருளில் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அளவுகள் உண்டு. நான் பதிவுக்கூடத்தில் மூச்சை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும் என்றால், இல்லாத மூச்சை இருப்பதாக நினைக்க வைப்பதற்கு எவ்வளவு வேண்டும்! 'மெல்ட்' கேட்ட கையோடு இதைக் கேட்டால் இரண்டும் ஒரே கருவி என்பதே ஆச்சரியமாக இருக்கும்.

இந்த வரிசையின் உச்சம் பினோக்கியோபியின் 'நான்-ப்ரெத் ஒப்லிஜ்', 2021. அவர் மிக்குவின் இயந்திரத்தன்மையை மறைப்பதில்லை, அதைக் கொண்டே பேசுகிறார். இணையத்திலும் வெளியிலும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து மூச்சு முட்டும் சமூகத்தைப் பற்றிய பாட்டு. பல்லவியோ இடைவெளியில்லாமல் ஓடுகிறது. கூடவே பாடிப் பாருங்கள். பாதியில் உங்களுக்கு மூச்சு தீர்ந்துவிடும், பாட்டு சொல்ல வந்தது உடம்பிலேயே புரிந்துவிடும்.

கூடப் பாடுவதற்கு ஒரு யோசனை. ஆங்கில எழுத்தில் உள்ள வரிகளை வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாம். முதல் நான்கு வரியைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பானியத்திலும் குறிலுக்கு ஓர் அளவு, நெடிலுக்கு அதன் இரு மடங்கு. இரட்டித்த மெய்யும், அசையின் முடிவில் வரும் 'ன்' ஒலியும் தனித்தனி ஓரளவு பெறும். பெரும்பாலும் அந்த அளவுக்கு ஒரு ஸ்வரம் என்றே மெட்டு அமைகிறது. குறில் நெடில் நமக்குப் பழகியதுதானே, தாளம் சீக்கிரம் பிடிபடும். க, த, ப வரும் இடங்களில் மட்டும் வல்லோசையா மெல்லோசையா என்பதற்குக் காதை நம்ப வேண்டும்.

மிக்கு சலித்தால் மற்ற குரல்கள் இருக்கின்றன. தாழ்ந்த, கனிந்த குரல் பிடித்தவர்கள் மெகுரினே லூக்கா பாடிய 'ஜஸ்ட் பீ ஃப்ரெண்ட்ஸ்' கேட்கலாம். டிக்ஸி ஃப்ளாட்லைன் இசையமைத்தது, 2009. ஜப்பானியம் தடையாகத் தோன்றினால் க்ரஷர்-பி ஆங்கிலத்திலேயே எழுதி, 'கும்மி' என்ற வோக்கலாய்டு குரல் பாடிய 'எக்கோ' இருக்கிறது, 2014. கசானே டெட்டோவின் கதை தனி. 2008 ஏப்ரல் முதல் தேதிக்காக இணையத்தில் விளையாட்டாகக் கட்டிவிட்ட போலி வோக்கலாய்டு அவள். பிறகு யுடாவ் என்ற இலவச மென்பொருளில் உண்மையாகவே குரல் பெற்றாள். 2023-ல் சிந்தசைசர் வி என்ற புதிய மென்பொருளுக்கும் வந்தாள். அதில் மூச்சொலியையே ஒரு ஸ்வரம் போல எழுதி வைக்க முடிகிறது. மிக்குவும் டெட்டோவும் சேர்ந்து பாடும் 'மெஸ்மரைசர்', 2024, பழைய குரலையும் புதிய குரலையும் அருகருகே வைத்துக் கேட்க வசதியான பாட்டு.

'சென்போன்ஸகுரா'வை எல்லாப் பட்டியலிலும் பார்ப்பீர்கள். குரோஉசா-பி, 2011. கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் ஷாமிசென், கொட்டோ என்ற ஜப்பானியத் தந்திக் கருவிகள் முழங்க வாகாக்கி பேண்ட் என்ற இசைக்குழு பாடியதையும் கேளுங்கள். மனிதர் மறுபடி பாடிய வடிவம், அதாவது கவர், எங்கே மூச்சுக்காக வரியை உடைக்கிறது என்று கவனித்தால், மூலத்தை எழுதியவர் எதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது தெரியும். எந்தப் பாட்டானாலும் மூலத்தை முதலில் கேளுங்கள். யூடியூபில் பல்லாயிரம் கவர்கள் முன்னால் வந்து நிற்கும். விவரக் குறிப்பில் மென்பொருள் குரலின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கோ தளத்தில் ஒரு லட்சம் பார்வை தாண்டியவற்றுக்கும் பத்து லட்சம் தாண்டியவற்றுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு, தேடுவதற்கு அவை உதவும்.

ஒன்று அவசியம் சொல்ல வேண்டும். துள்ளலான மெட்டுக்கடியில் தற்கொலை, வன்முறை, தனிமை என்று இருண்ட விஷயங்கள் வரும் பாடல்கள் இதில் நிறைய. பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கு முன் மொழிபெயர்ப்பை நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இவற்றில் யார் பிடித்தாரோ அவரைப் பின்தொடர்வதே அடுத்த கட்டம். ஹாச்சி என்ற பெயரில் 2010-ல் 'மாட்ரியோஷ்கா' எழுதியவர்தான் பிறகு 'லெமன்' பாடிய யோனேசு கென்ஷி. மிக்குவின் பத்தாவது ஆண்டுக்காக 2017-ல் திரும்பி வந்து 'சுனா நோ வாகுசெய்' எழுதினார். யோஅசோபி என்ற ஜப்பானிய இசை இரட்டையரில் ஒருவரான அயாசே 2019-ல் மிக்குவுக்கு எழுதிய 'யூரே டோக்கியோ'வைத் தானும் பாடியிருக்கிறார். அந்த இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், மிக்கு பாடியதை முதலில்.