உறையும் மண்ணில் நீர் மேலேறுவதைக் கண்ணால் பார்க்க

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9% பருக்கும். உறைபனியில் நிலம் உப்புவதற்கு அதுவே காரணம் என்று பலர் நினைப்பது தப்பு. 1930 வாக்கில் அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீன் ஊற்றிப் பார்த்தார். உறைந்தால் சுருங்கும் திரவம் அது. அப்படியும் மண் உயர்ந்தது. கீழிருந்து திரவம் ஏறிவந்து சேர்வதுதான் விஷயம். மண்துகளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் 0 டிகிரிக்குக் கீழும் உறையாது. அதன் வழியாகத்தான் இழுப்பு நடக்கிறது.

10 செ.மீ. விட்டம், 15 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் குழாயின் உட்புறம் வாசலின் தடவுங்கள். இல்லையென்றால் உறைந்த மண் சுவரைப் பற்றிக்கொண்டு எழும்பாது. அடியில் துணி கட்டி, மாவுபோல் நைசான ஈர வண்டலை 3 செ.மீ. அடுக்குகளாக இடித்து நிரப்புங்கள். மணல் வேண்டாம், நீரை உயரே இழுக்காது. களிமண் பலமாக இழுக்கும், ஆனால் நீர் அதில் ஊர்ந்துதான் வரும்.

குழாயின் அடி 1 செ.மீ. மூழ்கும்படி, 2 லிட்டர் குளிர்ந்த நீருள்ள தொட்டியில் கல்மேல் நிறுத்துங்கள். தொட்டியையும் பக்கங்களையும் 5 செ.மீ. தெர்மாகோலால் மூடி, மண்ணின் மேற்புறத்தை மட்டும் திறந்து விடுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 5 டிகிரி போதும். மைனஸ் 18-இல் நீர் ஏறுவதற்குள் எல்லாம் கெட்டியாகிவிடும். தொட்டி நீர் உறைந்தாலும் கதை முடிந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து மண்ணை நெடுக்காகப் பிளந்தால், கிடைமட்டமாக நூல்போல் தெளிந்த பனிக்கட்டிப் பட்டைகள் தெரியும். ஒரு துண்டை உருக விடுங்கள், கூழாகிவிடும்.