வெளுத்ததெல்லாம் பாலா? பாலை விடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2022இல் இலங்கையில் பால்மா தட்டுப்பாடு வந்தபோது மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக் கடைகள் பலவற்றில் பால் தேத்தண்ணி காணாமல் போனது. நாங்களும் பிளேன்டீக்கு மாறினோம். கித்துள் கருப்பட்டியில் ஒரு கடி, தேத்தண்ணியில் ஒரு மிடறு. அதற்கு யாரும் வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாத வழி, என்று பெயர் வைக்கவில்லை, வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

இப்போது விரும்பியே பாலை விடுகிறவர்கள் மலையகத்திலும் இருக்கிறார்கள். சிலர் மாட்டை நினைத்து விடுகிறார்கள், சிலருக்கு பால் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. நான் இரண்டாவது வகை. இந்த வழியில் நான் சறுக்கிய இடங்களும் மற்றவர்கள் சறுக்கக் கண்ட இடங்களும் இவை.

முதல் சறுக்கல் கடையில். வெளிநாட்டு பாதாம்பால் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு, "இது வசதிக்காரர் சாப்பாடு" என்று திரும்பி வந்துவிடுகிறோம். நம் அடுப்பில் ஏற்கெனவே இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பாற்சோற்றில் இருப்பது தேங்காய்ப்பால். தேங்காய் ரொட்டி, பருப்பு, சொதி, அவித்த மரவள்ளி, இவை எதற்கும் மாடு தேவையில்லை.

இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "அப்போ நம்ம சாப்பாடு எல்லாமே வீகன்தானே?" இல்லை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலில் மாசி, அதாவது காய்ந்த சூரைமீன், இருக்கும். பணிசுக்குள் வைக்கும் சீனிச்சம்பலிலும் பெரும்பாலும் இருக்கும். மரக்கறிக் கறி என்று கடையில் தருவதில்கூட வாசத்துக்கு ஒரு சிட்டிகை தூவியிருப்பார்கள். மாசியை மீன் கணக்கில் சேர்க்காத மனிதர்கள் நாம், அதனால் "மீன் இருக்கா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, "மாசி போட்டீங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். தேங்காய்ப்பால் மா பக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சோடியம் கேசினேட் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது பசும்பால் புரதம். பால் இல்லாத கிரீமர் என்று விற்கும் சிலவற்றிலும் இதே கதை.

சரி, தேத்தண்ணிக்கு வருவோம். நான் முதல்முதலாக சோயாப்பால் ஊற்றிப் போட்ட தேத்தண்ணியைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். கோப்பைக்குள் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, கஞ்சியா?" என்றார். திட்டுத்திட்டாகத் திரிந்திருந்தது. பால் கெட்டுப்போயிருக்கவில்லை. தேயிலைச் சாயத்தில் கொஞ்சம் அமிலம் உண்டு. அமிலமும் கொதிசூடும் சேர்ந்தால் சோயாப் புரதம் உறைந்துவிடும். டோஃபு என்கிற சோயாக்கட்டி செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான், நான் அன்று கோப்பைக்குள் செய்தேன். நாம் போடும் கட்டிச் சாயத்தில் இது இன்னும் சுலபமாக நடக்கும். சோயாப்பாலைத் தனியாகச் சூடாக்கி கோப்பையில் முதலில் ஊற்றுங்கள். சாயத்தை இரண்டு நிமிடம் ஆறவிட்டு, மெல்ல மெல்ல அதில் சேருங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாலைக் கொதிக்கும் சாயத்தில் கவிழ்த்தால் என் சித்தப்பா குடித்ததைத்தான் நீங்களும் குடிப்பீர்கள். தேங்காய்ப்பால் என்றால் ரெண்டாம் பால் போதும். முதல் பாலின் எண்ணெய் மேலே மிதக்கும்.

சோயாப்பாலை வீட்டிலேயே காய்ச்சுகிறவர்களுக்கு மலையில் தனிச் சிக்கல் உண்டு. பச்சைச் சோயாவில் புரதம் செரிக்காமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அது அடங்கும். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கொழும்புக்காரர் சொல்லும் நேரம் நமக்குச் சரிவராது. அதோடு சோயாப்பால் கொதிக்கும் முன்பே நுரைத்துப் பொங்கி ஏமாற்றும். பொங்கியதும் இறக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. நுரை அடங்கிய பிறகு, அடிபிடிக்காமல் கிண்டியபடி நான் 25 நிமிடமாவது கொதிக்க விடுவேன். குளிரில் சோயா ஊறவும் நேரமெடுக்கும், மாலையில் போட்டால் மறுநாள் காலையில்தான் அரைக்கலாம். தோசைமா புளிக்காமல் சதிசெய்வதும் இதே குளிர்தான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். நிறம் வெள்ளை என்பதற்காக ஒன்று பாலின் வேலையைச் செய்துவிடாது. தேங்காய்ப்பாலில் ருசி உண்டு, கொழுப்பு உண்டு, புரதமும் கல்சியமும் மிகக் குறைவு. சோயாப்பாலில் புரதம் பசும்பாலுக்குக் கிட்ட வரும். ஆனால் பசும்பாலில் 100 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவில் இருக்கும் கல்சியம், வீட்டில் காய்ச்சிய சோயாப்பாலில் அதில் கால்பங்குகூட வராது. கடைப் பெட்டியில் கல்சியம் சேர்த்திருந்தாலும் அது அடியில் படிந்துவிடும், குலுக்காமல் ஊற்றினால் வீண். நமக்குக் கைகொடுப்பது குரக்கன் என்கிற கேழ்வரகு: 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்குக் கிட்ட கல்சியம். தோல் நீக்காத எள்ளில் அதைவிடப் பல மடங்கு. காலையில் குரக்கன் ரொட்டி, பின்னேரம் ஓர் எள்ளுருண்டை என்று பழகிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

மீதிக் கவலை பி12. தாவர உணவில் அதை நம்பமுடியாது, புளித்த தோசைமாவிலும்தான். ஈரல் அதைச் சேமித்து வைத்திருப்பதால் முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் கை கால் விறைப்பு, களைப்பு, மறதி. பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் விடுகிறவர் மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலை விட்டவர் சோற்றோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தையும் பிடித்துக்கொள்வார். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைச் சாயம் தடுக்கும். இரத்தக்குறைவு உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடவேண்டும். சம்பலில் தேசிக்காய் கூடுதலாகப் பிழிந்தால் நல்லது. ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலோ வீட்டுச் சோயாப்பாலோ கொடுப்பது ஆபத்து. அந்த விஷயத்தைத் தோட்டத்து மருத்துவமாதுவிடம் பேசுங்கள்.

இறைச்சிக்குப் பதில் பலாக்காய் என்பதும் இதே வகைதான். நார் இறைச்சி மாதிரி, புரதம் காய்கறி அளவு. கொத்துரொட்டிக்குப் பலாக்காய் போட்டால் கூடவே கடலையோ சோயாமீட்டோ சேருங்கள். சோயாமீட்டைச் சுடுநீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழியாமல் சமைப்பதால்தான் பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

கடைசியாகப் பாயாசமும் பொங்கலும். முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். ரெண்டாம் பாலில் வேகவைத்து, இறக்கும்போது முதல் பாலைச் சேர்த்தால் போதும். முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்தால் நெய்யை யாரும் தேடமாட்டார்கள். "தேங்காய்ப்பால் பானையில் பொங்குமா?" என்று கேட்பவர்களுக்கு: பொங்கும், சின்னப் பானையாக இருந்தால் போதும். போன தைக்கு எங்கள் லயத்து வாசலில் பொங்கி வழிந்தது ரெண்டாம் பால்தான். அப்பாயிக்கு மட்டும் சொன்னேன். பக்கத்துக் காம்பிராவில் இன்னும் தெரியாது.