எச்.ஐ.வி. உள்ள தம்பதியர் குழந்தைக்குத் திட்டமிடும்போது

கணவன் மனைவியரில் ஒருவருக்கோ இருவருக்குமோ எச்.ஐ.வி. இருந்தாலும் தொற்றில்லாத குழந்தையைப் பெற்றெடுக்க முடியும். அந்த ஆசையை, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்வதே முதல் வேலை. ஏச்சுக்கு அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் ஆணுறையைக் கைவிடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

அடுத்தது, இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை. சிடி4 என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை கூடியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அது உடலின் எதிர்ப்புத் திறனைக் காட்டுமே தவிர, இரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, குறைந்தது ஆறு மாதமாக, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் 200-க்குக் கீழே நிலைத்திருந்தால், உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்றாது. 2016-இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், ஏறத்தாழ 58,000 முறை ஆணுறையின்றி உறவு கொண்டும், தொற்றுள்ள துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தால் இருவரின் அளவும் இப்படி இறங்கியிருக்க வேண்டும். பால்வினை நோய்களுக்கான பரிசோதனையையும் இத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

கருத்தரிக்க ஏற்ற நாள்களில் மட்டும் ஆணுறையைத் தவிர்ப்பது கூடுதல் பாதுகாப்பு. 28 நாள் சுழற்சியில் அது விலக்கான முதல் நாளிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 15-ஆம் நாள் வரை. முட்டையின் வெள்ளைக்கருவைப் போல விரலிடையே நூலாக நீளும் வெள்ளைப்படுதல் அதற்கான அடையாளம்.

வைரஸ் அளவு இன்னும் இறங்கவில்லை என்றால் காத்திருப்பதே நல்லது என்பேன். காத்திருக்க வயது இடந்தராதபோது, தொற்றில்லாதவர் மருத்துவரின் கண்காணிப்பில் ‘பிரெப்’ என்னும் முன்தடுப்பு மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் கட்டாயம். மனைவிக்கு மட்டும் தொற்று இருந்தால், கணவரின் விந்தைச் சுத்தமான கிண்ணத்தில் சேகரித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் மெதுவாகப் பிறப்புறுப்பினுள் செலுத்தலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு. கணவருக்கு மட்டும் இருந்தால், விந்தணுக்களை விந்து நீரிலிருந்து பிரித்தெடுத்துக் கருப்பையில் செலுத்தும் முறை உண்டு, ஆனால் அதற்கான செலவு எல்லோராலும் தாங்கக்கூடியதன்று.

கரு உருவான பிறகும் தாய் ஒரு வேளை மருந்தைக்கூட விடக் கூடாது. சிகிச்சையே இல்லாதபோது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வருகிறது. பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்துத் துளிகளும், ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் இரத்தப் பொட்டுகளாக எடுக்கும் சோதனையும் உண்டு. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையிடம் 18 மாதம் வரை தங்கக்கூடும் என்பதால், அதற்குள் எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரண இரத்தப் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று காட்டினாலும் பதற வேண்டாம், ஏ.ஆர்.டி. மையம் சொல்லும் சோதனையையே நம்புங்கள்.