கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம்: மாணவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு

பிளஸ் டூ தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் கிடைக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். உதவித்தொகைக்கான போர்ட்டல்கள் அப்போது திறந்திருக்காது, ஆனால் கடைசி நேரத்தில் மாணவரை அலைய வைக்கும் வேலைகள் எல்லாம் அப்போதே செய்யக்கூடியவை.

முதலில் பெயரைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கி பாஸ்புக் நான்கையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இனிஷியல்தான் காலை வாரும். ஓரிடத்தில் 'க முத்துலட்சுமி', இன்னோரிடத்தில் 'முத்துலட்சுமி க', ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து 'முத்துலட்சுமி கருப்பையா'. பார்க்கிறவர்களுக்கு ஒரே பிள்ளை என்று தெரியும். போர்ட்டலோ ஆதாரோடு ஒப்பிட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடி ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள், ஆகவே அவசரத்தில் தப்பாக மாற்றிவிடாதீர்கள். ஆதாரில் உள்ள மொபைல் எண் இப்போதும் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள். எல்லா ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து தாசில்தார் அலுவலகம் வரை போய் வர வேண்டும், கல்லூரி சேர்க்கை நேரத்தில் அங்கே குவியும் மனுக்களில் உங்களுடையதும் சிக்கிக்கொள்ளும். வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழையும் கூடவே கேளுங்கள். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகத் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்கிறவருக்கு இதனால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை இல்லை. அண்ணனோ அக்காவோ இதே சலுகையில் படித்திருந்தாலும் கிடைக்காது. கவுன்சலிங் விண்ணப்பத்திலேயே கோர வேண்டும், சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது வங்கிக் கணக்கு. உதவித்தொகை அனுமதி ஆகியும் பணம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வங்கியில் போய் "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் "ஆகியிருக்கு" என்பார்கள். அது கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகல் வாங்கி வைத்ததாக இருக்கலாம். அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கு என்.பி.சி.ஐ. மேப்பரில், அதாவது எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று காட்டும் தேசியப் பட்டியலில், ஏற்றப்பட்டிருக்க வேண்டும், இதைத்தான் ஆதார் சீடிங் என்கிறார்கள். மை ஆதார் தளத்தில் மாணவரின் ஆதார் எண்ணைக் கொண்டு உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி, செயல்பாட்டில் இருக்கிறதா என்று அதிலேயே தெரியும். ஓர் ஆதாருக்கு ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான். கல்லூரி பக்கத்தில் புதுக் கணக்கு தொடங்கும்போது மாணவர் யோசிக்காமல் சீடிங்குக்கும் கையெழுத்துப் போட்டால், பணம் அந்தக் கணக்குக்குப் போகும், வீட்டில் பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருப்பார்கள். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி இரண்டு ஆண்டுகளாகத் தொடாத கணக்கு முடங்கியிருக்கும். கிளைக்குப் போய் கே.ஒய்.சி. புதுப்பித்து, நூறு ரூபாயாவது போட்டு எடுத்து உயிர்ப்பித்துவிடுங்கள்.

இனி எந்தத் திட்டம் என்பது. ஒன்று வாங்கினால் இன்னொன்று வாங்கக் கூடாது என்று பல திட்டங்களில் விதி இருப்பதால், கண்ணில் பட்டதற்கெல்லாம் போடாமல் முதலில் கணக்குப் போடுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் முதல் தேர்வு. கல்லூரி திருப்பித் தராத கட்டணங்களோடு பராமரிப்புத் தொகையும் உண்டு. பட்ட அளவிலான தொழிற்படிப்பில் விடுதியில் தங்கும் ஆதிதிராவிட மாணவருக்கு அது ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருகிறவருக்கு 7,000 ரூபாய். கட்டணத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே வரும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். இதை முதல் நாளிலேயே பெற்றோருக்கும் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டுச் செலவில் கரைந்து, கல்லூரியில் பாக்கி நிற்கும்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்கள் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தால் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது. மேற்படிப்பு, தொழிற்படிப்பு என்றால்தான் 2.5 லட்சம் வரம்பு.

மதிப்பெண்ணும் வருமானமும் சேர்த்துப் பார்க்கும் திட்டம், ஒன்றிய அரசின் சென்ட்ரல் செக்டார் ஸ்காலர்ஷிப். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். இதற்கு 80 பெர்சென்டைல் வேண்டும் என்றிருப்பதை 80 சதவீத மதிப்பெண் என்று நினைத்து நல்ல மாணவர்களே ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த ஆண்டு அதே போர்டில் அதே பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் இருபது சதவீதத்தினருக்குள் வர வேண்டும் என்பதே அதன் பொருள். கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு மாறும், 80 சதவீதத்துக்கு மேலும் போகலாம், கீழும் இறங்கலாம். மதிப்பெண்ணை மட்டும் வைத்து நீங்களாக முடிவு செய்யாமல் அந்த ஆண்டின் கட்-ஆஃபைத் தேடிப் பாருங்கள். தொலைதூரக் கல்விக்கும் டிப்ளமோவுக்கும் இது இல்லை.

ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உள்ள பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ முதலாமாண்டு சேரும் பெண்களுக்குப் பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. பொறியியல் படிக்கிற பெண்ணை 12,000 ரூபாய் திட்டத்தில் சேர்த்துவிட்டு இதை விடுவது பெரிய இழப்பு. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள மாணவருக்கு இதே தொகை தரும் சக்ஷம் திட்டம் இருக்கிறது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் மற்ற உதவித்தொகைகளோடு முட்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பள்ளியில் மாணவருக்குத் தந்த எமிஸ் பதிவு எண் கையில் இருந்தால் கல்லூரியில் வேலை சுலபம்.

மாநிலத் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாக யூமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தில் பதிவு. ஒன்றியத் திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகை போர்ட்டலில் ஓ.டி.ஆர். எண், அதாவது ஒருமுறைப் பதிவு. ஆதார் முக அடையாளச் சோதனை கேட்கும். வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தோற்றுக்கொண்டே இருக்கும். ஓ.டி.ஆர். எண்ணை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டும் அதே எண்தான். விண்ணப்பத்துக்குக் கட்டணம் ஏதும் இல்லை.

கல்லூரியைத் தேர்வு செய்யும் இடத்தில் நிதானியுங்கள். ஒரே பெயரில் நாலு கல்லூரி இருக்கும். அலுவலகத்தில் கேட்டு, ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக உள்ள ஏ.ஐ.எஸ்.எச்.இ. குறியீட்டை வைத்துத் தேர்ந்தெடுங்கள். தவறினால் விண்ணப்பம் வேறொரு கல்லூரியின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கே யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை.

சப்மிட் அழுத்தியதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பல வீடுகளில் நினைக்கிறார்கள். கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான நோடல் ஆபீசர் தன் லாகினில் சரிபார்த்தால்தான் விண்ணப்பம் மேலே நகரும். அதற்குத் தனிக் கடைசி நாள் உண்டு. அச்சிட்ட விண்ணப்பம், சான்றிதழ் நகல்களோடு மாணவரை நேரில் அனுப்புங்கள், வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள், அந்தக் கெடுவுக்குள் அனுப்பினால் போதும். 'ரிஜெக்ட்' என்றால் அந்த ஆண்டு திரும்ப வழியில்லை.

இரண்டாமாண்டில் ரினிவல் தானாக நடக்காது. சென்ட்ரல் செக்டார் திட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். செமஸ்டர் ரிசல்ட் தாமதமானால் மதிப்பெண் பட்டியல் வராமலேயே கெடு நெருங்கிவிடும், துறை அலுவலகத்தில் தற்காலிகப் பட்டியல் வாங்கி நோடல் ஆபீசரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த அன்றே இந்தத் தேதிகளை மாணவர் போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள்.