எருமைக்கறி கீமா நூடுல்ஸ் பேக்: மும்பை சின்ன கிச்சன்ல செய்யுற விதம்

முதல் தடவை இதை செஞ்சப்போ ட்ரேய வெளிய எடுத்து கரண்டிய விட்டா கரண்டி உள்ளயே போகல. நூடுல்ஸ் எல்லாம் ஒன்னா சேர்ந்து கட்டியாகி, மேல சீஸ் செருப்புத்தோல் மாதிரி, கறி தனியா கூழாங்கல்லு மாதிரி நிக்குது. எங்கம்மா எட்டிப் பாத்துட்டு "ஏட்டி, வெந்த நூடுல்ஸ எதுக்குட்டி மறுபடி அடுப்புல வச்ச?"ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல வாயில்ல. அதுக்கப்புறம் ஏழெட்டு ஞாயித்துக்கிழமை மாத்தி மாத்தி செஞ்சு பாத்துதான் புரிஞ்சுது, இதுல மசாலாவெல்லாம் ரெண்டாம்பட்சம், ஈரம்தான் மேட்டர். ஓவனுக்குள்ள போகும்போது "ஐயோ தண்ணியா இருக்கே"ன்னு நமக்கு பயம் வரணும். அப்பதான் வெளிய வரும்போது சரியா இருக்கும்.

இது அமெரிக்கா சாப்பாடு. அரைச்ச மாட்டுக்கறி, முட்டை நூடுல்ஸ், தக்காளி, புளிச்ச க்ரீம், சீஸ் எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல அடுக்கி பேக் பண்றது, கேசரோல்னு சொல்லுவாங்க, மினசோட்டா பக்கம் இந்த மாதிரி அயிட்டத்துக்கு ஹாட்டிஷ்னு பேரு. அங்க நிறைய வீட்டுல டின்ல வர்ற காளான் சூப்ப ஊத்தி சேத்துடுவாங்க, கேம்ப்பெல் கம்பெனி அந்த சூப்ப 1934ல விட்டதுல இருந்து அது ஒரு பழக்கமாவே ஆகிடுச்சு. நமக்கு அந்த டின் வேண்டாம், தயிரும் பனீரும் போதும். எனக்கு இது வந்தது பக்கத்து வீட்டு அக்கா மூலமா, அவங்க பாந்த்ராவுல ஒரு வீட்டுல சமையல் வேலை பாத்தாங்க, அங்க கத்துக்கிட்டத எனக்கு வாய்ல சொன்னாங்க, அளவெல்லாம் "கண் அளவுதாம்மா"ன்னுட்டாங்க. கீழ இருக்குற அளவு எல்லாம் நான் தராசு வச்சு புடிச்சது.

மொதல்ல கறி. மகாராஷ்டிராவுல பசு வெட்டுறதுக்கு ரொம்ப காலமாவே தடை இருக்கு, 2015ல இருந்து காளைக்கும் எருதுக்கும் சேத்து தடை. அதனால மும்பைல நாம "பீஃப்"னு சொல்லி வாங்குறது எருமைக்கறிதான். இத ஏன் சொல்றேன்னா யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க கீமாவ, அதாவது அரைச்ச கறிய, பத்து நிமிஷம் வதக்கிட்டு அப்படியே ட்ரேல கொட்டுறாங்க, அத பாத்து நாம செஞ்சா பல்லு போயிடும். எருமைக்கறில கொழுப்பு கம்மி, நார் கெட்டி, பெரும்பாலும் வயசான உருப்படி, அதனால தனியா வேக வச்சே ஆகணும். நிறமும் நல்ல கருஞ்சிவப்பா இருக்கும், கொழுப்பு மஞ்சளா இல்லாம வெள்ளையா இருக்கும், அது கெட்டுப்போன கறின்னு நினைச்சு யாரும் பயப்படாதீங்க.

நான் தாராவி 90 அடி ரோட்டு பக்கத்துல இருக்குற கடைலதான் வாங்குவேன். ரெடியா அரைச்சு குவிச்சு வச்சிருக்கறத வாங்காதீங்க, அதுல என்னென்ன சேந்திருக்கோ. தொடைக்கறி துண்டா காட்ட சொல்லி, அத கண்ணு முன்னாடி அரைக்க சொல்லணும். "பையா, மோட்டா கீமா, ஏக் ஹீ பார் மெஷின் மே, தோடா சர்பி டால் கே"ன்னு சொன்னா போதும், ஒரே தடவை, பெருசா, கொஞ்சம் கொழுப்பு சேத்து அரைச்சு குடுப்பாங்க. ரெண்டு தடவை அரைச்சா மாவு மாதிரி ஆகிடும், சாஸ்ல கறியே தெரியாது. அரைக் கிலோ கறில ஒரு கை கொழுப்பு இருந்தா நல்லது, டயட்ல இருக்கவங்க இத பண்ணவே பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

கீமாவ கழுவணுமா வேண்டாமான்னு எங்க வீட்டுல இன்னும் சண்டை. அம்மா மூணு தண்ணில அலசாம விட மாட்டாங்க. என்னோட கட்சி, அரைக்கறதுக்கு முன்னாடி துண்டா இருக்கும்போதே சுத்தம் பண்ணி அரைச்சு வாங்கிட்டா கழுவ வேண்டாம், ஏன்னா தண்ணி குடிச்ச கீமா கடாய்ல வறுபடாது, அதோட தண்ணிலயே வெந்து சாம்பல் கலர்ல நிக்கும். மனசு கேக்கலன்னா கண்ணு சின்னதா இருக்குற வடிதட்டுல அலசி, கால் மணி நேரம் வடிய விட்டு, கையால நல்லா பிழிஞ்சுடுங்க.

சரி, அளவு. நாலு பெரியவங்க வயிறு முட்ட சாப்பிடுற மாதிரி: கீமா அரைக் கிலோ, நூடுல்ஸ் 250 கிராம், பெரிய வெங்காயம் மூணு, நல்லா பழுத்த தக்காளி அஞ்சு, பூண்டு பத்து பல்லு, இஞ்சி ஒரு துண்டு, பச்சமிளகா ரெண்டு, பிரிஞ்சி இலை ஒன்னு, ஒரு டீஸ்பூன் மிளகாத்தூள், ஒன்னரை டீஸ்பூன் இடிச்ச மிளகு, அரை டீஸ்பூன் சோம்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ். சோம்பு அந்த அக்கா சொன்ன லிஸ்ட்ல இல்ல, எங்க வீட்டுல கறின்னா சோம்பு இல்லாம ஆகாது, அவ்வளவுதான். வெள்ளை கலவைக்கு வடிச்ச தயிர் முக்கால் கப், பனீர் 200 கிராம், பால் அரை கப், மைதா ஒரு டேபிள்ஸ்பூன். மேல போட சீஸ் 150 கிராம், அதுல பாதி மொசரெல்லா பாதி சாதா அமுல் கட்டி. மொசரெல்லா இழுக்கும், செவக்கும், ஆனா டேஸ்ட் கம்மி, அமுல் சீஸ்ல உப்பும் ருசியும் இருக்கு, ரெண்டும் சேந்தாதான் சரி. உப்பு போடும்போது இத ஞாபகம் வச்சுக்கோங்க, கறில எப்பவும் போடறத விட கொஞ்சம் கம்மியா போடுங்க.

தயிர துணில கட்டி தொங்க விட்டு ஒரு மணி நேரம் வடிச்சா போதும். அவசரம்னா டெய்ரில போய் "சக்கா"ன்னு கேளுங்க, ஸ்ரீகண்ட்னு ஒரு இனிப்பு பண்றதுக்கு மராத்திக்காரங்க வாங்குற அந்த கெட்டித் தயிர்தான், சக்கரை போடாததான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. நான் ஒருநாள் கேக்காம ஸ்ரீகண்டையே வாங்கிட்டு வந்துட்டேன், ஏலக்கா வாசத்தோட.

கடாய நல்லா காய வச்சு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு கீமாவுல பாதிய மட்டும் போட்டு பரப்பி விடுங்க, ரெண்டு நிமிஷம் தொடவே தொடாதீங்க, அடி செவந்து லேசா ஒட்ட ஆரம்பிச்சதும் கிளறி எடுத்துட்டு மீதி பாதிய போடுங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டினா கடாய் சூடு எறங்கி தண்ணி விட்டுடும். அதே கடாய்ல வெங்காயம், சோம்பு, பிரிஞ்சி இலை, அப்புறம் இஞ்சி பூண்டு தட்டினது, பச்சமிளகா. அடில ஒட்டின கருப்பு எல்லாம் வெங்காயத் தண்ணிலயே கழண்டு வரும், அதுதான் ருசி, தேச்சு எடுங்க. தக்காளிய மிக்ஸில ஒரு சுத்து சுத்தி ஊத்தி, மிளகாத்தூள், மிளகு, சோயா சாஸ், உப்பு போட்டு எண்ணெய் பிரியுற வரைக்கும் வதக்கி, கீமாவோட சேத்து எல்லாத்தையும் குக்கருக்கு மாத்தி ரெண்டு கப் தண்ணி ஊத்துங்க. நாலு விசில், அப்புறம் சிம்ல அஞ்சு நிமிஷம். பிரஷர் தானா அடங்கட்டும்.

தெறந்து பாத்தா தண்ணியா இருக்கும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றது, கை துறுதுறுன்னு அடுப்ப கூட்டி வத்த வச்சிடுவோம், நமக்கு பழக்கமானது தொக்கு. வத்த வைக்காதீங்க! இட்லி சாம்பார விட கொஞ்சம் கெட்டி, குருமாவ விட கொஞ்சம் தண்ணி, அந்த பதத்துல நிக்கட்டும். உள்ள போனதும் நூடுல்ஸ் அவ்வளவையும் குடிச்சிடும்.

நூடுல்ஸுக்கு வருவோம். அங்க போடுறது அகலமான முட்டை நூடுல்ஸ், அது இங்க பெரிய கடைல கெடைச்சாலும் விலைக்கு மனசு வராது. ஹக்கா நூடுல்ஸ் பாக்கெட் போதும், முட்டை சேத்தது கெடைச்சா இன்னும் நல்லது. ரெண்டு நிமிஷ நூடுல்ஸ் மட்டும் வேண்டாம், கூழாயிடும். நூடுல்ஸே புடிக்காதவங்க டியூரம் கோதுமை மக்ரோனி போடலாம், அது கொழையாம நிக்கும், புதுசா செய்யுறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். ரெண்டரை லிட்டர் தண்ணி நல்லா கொதிச்சதும் உப்பு போட்டு, பாக்கெட்ல என்ன நேரம் போட்டிருக்கோ அதுல ரெண்டு நிமிஷம் கம்மியா வேக வைங்க. கடிச்சா நடுவுல லேசா கட்டியா இருக்கணும். வடிச்சு உடனே பச்சத்தண்ணில ஒரு அலசு, ஒரு ஸ்பூன் வெண்ணெய் போட்டு பிசறி வச்சுக்கோங்க.

பனீர கையால உதிர்த்து, தயிர், பால், மைதா, கொஞ்சம் மிளகு, கொஞ்சமா உப்பு போட்டு கலந்து அதுல நூடுல்ஸ கொட்டி பெரட்டுங்க. மைதா எதுக்குன்னா தயிர் சூட்டுல திரிஞ்சு போகாம புடிச்சு நிக்கறதுக்கு. தயிரும் பாலும் ஃப்ரிட்ஜ்ல இருந்து அப்பதான் எடுத்த சில்லுல இருக்கக்கூடாது, நூடுல்ஸும் ஆவி பறக்க இருக்கக்கூடாது.

ட்ரேல வெண்ணெய் தடவி பாதி நூடுல்ஸ், அதுமேல பாதி கறி, மறுபடி நூடுல்ஸ், மறுபடி கறி. ஓரத்துல கறிச்சாறு தெரியணும், தெரியலன்னா கால் கப் வெந்நி சுத்தி ஊத்துங்க. சீஸ துருவி தூவுங்க. அதுக்கு மேல தூவ, நேத்து மிஞ்சின லாதி பாவ் (மும்பை பன்னு) ரெண்ட உதிர்த்து வெண்ணெய்ல பொன்னிறமா வறுத்து வச்சுக்கங்க, அத இப்ப போட வேண்டாம், கடைசில. வாங்குற ப்ரெட் க்ரம்ஸ விட பாவ் தூள் எவ்வளவோ மேல்.

ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) இருக்கறவங்க 180 டிகிரில கீழ மேல ரெண்டு ராடும் போட்டு 15 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணுங்க. ட்ரே உள்ள போகுமான்னு முன்னாடியே அளந்துடுங்க, நான் அடுக்கி முடிச்சதுக்கப்புறம் கதவு மூடாம முழிச்சவ. சின்ன ஓடிஜிக்கு 8 இஞ்சு சதுர ட்ரே சரி, மிச்சத்த ஒரு கேக் டின்ல வைங்க. இன்னொன்னு, 1500 வாட் ஓடிஜி ஆறரை ஆம்பியர் இழுக்கும், அத 6 ஆம்பியர் சின்ன பாயிண்ட்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ சொருகாதீங்க, கீசர் போடுற 16 ஆம்பியர் பெரிய பாயிண்ட்தான் வேணும். பழைய சால் வீடுகள்ல (வரிசையா ஒட்டி ஒட்டி இருக்குற மும்பை குடியிருப்பு) வயரிங் எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல.

மேல ஃபாயில் மூடி 20 நிமிஷம், ஃபாயில எடுத்துட்டு இன்னும் 10 நிமிஷம், ஓரத்துல பொளக் பொளக்னு கொதி வந்து சீஸ் அங்கங்க செவந்தா போதும். ஃபாயில் சீஸ்ல ஒட்டாம கொஞ்சம் தூக்கி கூடாரம் மாதிரி மூடுங்க. பாவ் தூள் கடைசி அஞ்சு நிமிஷத்துல.

ஓவன் இல்லன்னா கவலையே வேண்டாம், எங்க வீட்டுல ரொம்ப நாள் இப்படித்தான் ஓடுச்சு. பெரிய குக்கர்ல கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு, அடில ஒரு இஞ்சுக்கு கல்லுப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வச்சு, மூடி போட்டு மீடியம்ல 10 நிமிஷம் காய வைங்க. உள்ள போற மாதிரி ஒரு அலுமினிய டின்ல அடுக்கி, ஃபாயில் மூடி வச்சு சிம்ல 35 நிமிஷம். குக்கருக்குள்ள தண்ணி ஊத்தக்கூடாது, இது ஆவில வேகுறது இல்ல. சீஸ் உருகும், ஆனா செவக்காது, அதுக்குத்தான் அந்த வறுத்த பாவ் தூள், எறக்கினதும் மேல தூவிட்டா ஓவன்ல செஞ்சதில்லன்னு யாருக்கும் தெரியாது. உப்ப ஆற வச்சு டப்பால எடுத்து வைங்க, அடுத்த தடவைக்கும் அதே உப்பு.

வெளிய எடுத்ததும் பசங்க தட்டோட வந்து நிப்பாங்க, 15 நிமிஷம் யாரையும் தொட விடாதீங்க. இப்ப வெட்டினா சாறு ஓடி சூப் மாதிரி பரவும், ஆறினா தானா இறுகி சதுரமா வெட்டி எடுக்கலாம். கூட வெங்காயம் வெள்ளரிக்கா எலுமிச்சை பிழிஞ்சது ஒரு கிண்ணம் இருந்தா போதும், இதுவே கனமான சாப்பாடு, சோறு ரசம்னு தனியா எதுவும் பண்ணாதீங்க. எங்கப்பா மட்டும் இதையும் தின்னுட்டு கடைசில ஒரு கை மோர்சோறு கேப்பாரு.

மிஞ்சினத மும்பை புழுக்கத்துல வெளிய வச்சு விட்டுடாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல போயிடணும். மறுநாள் அப்படியே சூடு பண்ணினா காஞ்சு போகும், சதுரமா வெட்டி தோசக்கல்லுல கொஞ்சம் வெண்ணெய் போட்டு ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு சுட்டு, ஓரத்துல ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி, நடு வரைக்கும் ஆவி பறக்க சூடாச்சான்னு பாத்து எறக்குங்க. திங்கக்கிழமை டப்பால இத கொண்டுபோறதுக்காகவே நான் ஒரு மூலைய யாருக்கும் காட்டாம ஒளிச்சு வச்சுடுவேன்.