முதலில் கராஜ் பாஸைத் தேடுங்கள், பிறகு காரைத் தேடுங்கள்: மட்டக்களப்பில் பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ வாங்குபவர்களுக்கு

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்துவிட்டார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து ஒரு புதுக் காரின் விலையைக் கேட்டால் மாதச் சம்பளக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே முடியாது. அதனால்தான் நம் பக்கத்தில் பலர் இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடிய பென்ஸையும் பி.எம்.டபிள்யூவையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். சின்ன ஜப்பான் கார் ஒன்றின் விலைக்கே, சிலவேளை அதைவிடக் குறைவாகவே, நல்ல கனமான, சொகுசான கார் கிடைக்கிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. எனக்கும் இந்தக் கார்கள்மேல் பெரிய விருப்பம். ஒழுங்காகப் பார்த்தால் மூன்று இலட்சம் கிலோமீற்றர் தாண்டியும் நிம்மதியாக ஓடும். ஆனால் விலை இறங்கியிருப்பது காருக்கு மட்டும்தான், அதன் சாமான்களுக்கு இல்லை. கார் புதுசாக இருந்தபோது எந்த விலையில் இருந்ததோ அந்தத் தரத்துச் சாமான்தான் இன்றைக்கும் அதற்குப் போட வேண்டும்.

ஆகவே காரைத் தேடுவதற்கு முன் அதைத் திருத்தத் தெரிந்த பாஸைத் தேடுங்கள். முகவர் நிறுவனங்கள் கொழும்பில் இருக்கின்றன, மட்டக்களப்பிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கும் மேல், அவ்வளவு தூரம் காரை ரெக்கவரி லொறியில் ஏற்றி அனுப்பும் செலவை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள், நான் ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்று விளங்கும். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நல்ல கராஜ்கள் இருக்கின்றன, ஆனால் எல்லா பாஸ்மாரும் யூரோப்பியன் காரில் கை வைக்க மாட்டார்கள். போய் நேரடியாகக் கேளுங்கள்: அண்ணன், எந்த மொடல் உங்களிடம் அடிக்கடி வரும், உங்கள் ஸ்கேன் மெஷின் பென்ஸின் கியர்பொக்ஸையும் ஏபிஎஸ்ஸையும் தனித்தனியாக வாசிக்குமா, இல்லை என்ஜினை மட்டும்தானா? அவர் தனக்குப் பழக்கம் என்று சொல்லும் மொடலைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த மொடலைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினால் அவர் அதில் படிக்கத் தொடங்குவார், படிப்புச் செலவு உங்களுடையது.

எந்த மொடல் என்று கேட்டால் என் விருப்பம் மின்னணுச் சாமான் குறைந்த பழைய காலத்துக் கார்கள். பென்ஸ் டபிள்யூ 124 (பழைய ஈ கிளாஸின் கொம்பனிக் குறியீடு) இன்றைக்கும் நல்ல தெரிவு. 90களின் நடுப்பகுதியில் வந்தவற்றில் மட்டும் என்ஜின் வயரிங்கின் மேலுறை சூட்டில் பொடிப்பொடியாக உதிரும், மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். அடுத்து வந்த டபிள்யூ 210 ஓட்டத்துக்கு அருமையானது, ஆனால் துருப்பிடிப்பதில் பேர் போனது. முன் சில்லுக்கு மேலே ஸ்பிரிங் உட்காரும் தட்டைப் பாருங்கள், அந்த வெல்டிங் துருவில் விட்டுப்போனால் ஓடும்போதே ஸ்பிரிங் கழன்று விழும். டபிள்யூ 211இல் 2006க்கு முந்தியவற்றில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. அந்த பம்ப் எத்தனை தடவை வேலை செய்தது என்று தானே எண்ணிக்கொண்டிருக்கும், எல்லை வந்ததும் டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும், மாற்றுவது பெரிய செலவு. சி 180, சி 200 கொம்ப்ரெஸரில் எம் 271 என்ஜின் என்றால் உள்ளே வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் நீளும் பழக்கம் உண்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி கடகட என்று சத்தம் வந்தால் விலகிவிடுங்கள். பி.எம்.டபிள்யூவில் ஈ 46 (3 சீரிஸ்), ஈ 39 (5 சீரிஸ்) இரண்டும் ஓட்டுவதற்கு அவ்வளவு இனிமை, அவற்றின் பலவீனம் கூலிங், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மைலேஜைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மைலேஜைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2001ஆம் ஆண்டுக் கார், மீற்றரில் 90,000 கிலோமீற்றர் என்று சொன்னால் கணக்குப் போடுங்கள்: வருஷத்துக்குச் சுமார் 3,700. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தாலே 600க்கு மேல் ஆகும், அப்படியென்றால் வருஷத்துக்கு ஆறு தடவை கொழும்பு போய் வந்த ஓட்டம் மட்டும்தான், ஊருக்குள் ஒரு ஓட்டமும் இல்லை. நம்பலாமா? ஸ்டியரிங்கின் தோல், பிரேக் பெடலின் ரப்பர், சாரதி இருக்கையின் வெளிப்பக்க ஓரம், இவை மூன்றும் மீற்றரைவிட உண்மை பேசும். இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்றால் மீற்றர் மைலில் இருக்கும், 1,20,000 என்று காட்டினால் அது 1,90,000 கிலோமீற்றருக்கும் மேல். ஈ 46, ஈ 39 போன்ற பி.எம்.டபிள்யூக்களில் ஓட்டக் கணக்கு, லைற்றுகளை இயக்கும் மின்னணுப் பெட்டியான லைற் கொன்ட்ரோல் மொடியூலிலும் பதிந்திருக்கும், நல்ல ஸ்கேனர் இருந்தால் மீற்றரோடு ஒப்பிடலாம். சேர்விஸ் பில்களோடு 2,40,000 ஓடிய காரை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத 90,000 காரைவிட நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

பார்க்கப் போகும்போது காரைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள், ஏனென்றால் பழைய என்ஜின் ஒன்று மறைக்கும் விஷயமெல்லாம் குளிர் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். சாவியைத் திருப்பியதும் செக் என்ஜின், ஏபிஎஸ், எயார்பேக் லைற்றுகள் எல்லாம் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ லைற்றை எடுத்துவிட்டிருக்கிறார்கள். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது, என்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையும் இனிப்பு வாசமும் என்றால் கூலன்ட் என்ஜினுக்குள் போகிறது.

ஓட்டோ கியர்பொக்ஸில் அவசரப்படாதீர்கள். டி, ஆர் இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரு வினாடிக்கு மேல் யோசித்துவிட்டு டக்கென்று இடித்தால் சந்தேகப்படுங்கள். பிறகு வெளியே எடுத்து 60, 80 வேகத்தில் மெதுவாக அக்ஸிலேற்றரைப் பிடியுங்கள், வீதியோரக் கோடுகளில் ஏறியதுபோல் கார் நடுங்கினால் என்ஜினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரிலோ கியர் ஒயிலிலோ பிரச்சினை. 2000களின் தொடக்கத்தில் வந்த சில பென்ஸ்களில் ரேடியேற்றருக்குள்ளேயே கியர் ஒயிலைக் குளிராக்கும் பகுதி உள்ளே விட்டுப்போய், கூலன்ட் கியர்பொக்ஸுக்குள் கலந்துவிடும், அதற்குப் பிறகு அந்த கியர்பொக்ஸ் மிஞ்சாது. ‘இந்த கியர்பொக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஒயில் மாற்றத் தேவையில்லை’ என்று விற்பவர் சொல்வார். கொம்பனியே ஒருகாலத்தில் அப்படிச் சொன்னதுதான், ஆனால் 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றினால்தான் அது நீண்டநாள் இருக்கும். பென்ஸின் 722.6 என்ற ஐந்து கியர் ஓட்டோ பொக்ஸுக்கு ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கே இல்லை, குழாய் மட்டும்தான் இருக்கும், அளவுகோல் தனியாக வாங்கி 80 பாகை சூட்டில் பார்க்க வேண்டும். கையில் கிடைத்த கியர் ஒயிலை ஊற்ற விடாதீர்கள், பென்ஸின் 236.14 தரம் என்று போத்தலில் போட்டிருக்க வேண்டும்.

இனி கூலிங். இந்தப் பக்கத்து வெயிலில் இந்தக் கார்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். பி.எம்.டபிள்யூவின் எக்ஸ்பான்ஷன் டாங்க் (கூலன்ட் ஊற்றும் டாங்க்), தெர்மோஸ்டாட்டின் கூடு, சில வோட்டர் பம்ப்களின் உள் விசிறி எல்லாம் பிளாஸ்டிக். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்து நொறுங்கிப்போகும். ஈ 46இன் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது, உண்மையான சூடு பாதுகாப்பான எல்லையைத் தாண்டிய பிறகுதான் முள் அசையும், அதைப் பார்த்து நிறுத்துவதற்குள் அலுமினியம் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். காரின் ஸ்கேன் துவாரத்தில் செருகும் மலிவான புளூடூத் ஓபிடி துண்டு ஒன்றை வாங்கிப் போனில் உண்மையான பாகையைப் பாருங்கள், பெற்றோல் செலவைவிட இது முக்கியம். கார் கைக்கு வந்த முதல் மாதமே ரேடியேற்றர் மூடி, ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், பெல்ட், டாங்க் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஒன்றொன்றாக மாற்றினால் கூலியும் கூலன்ட்டும் ஒவ்வொரு தடவையும் போகும்.

கூலன்ட்டுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, காரைதீவு என்று கடலோரத்தில் இருக்கும் நம் ஊர்களில் பல கிணறுகளில் உப்புத்தன்மை இருக்கிறது, குழாய் தண்ணீரிலும் உப்பு இருக்கும், அது ரேடியேற்றருக்குள் படிந்து அலுமினியத்தைத் தின்னும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் அந்தக் காருக்குரிய தரத்துக் கூலன்ட்டும் பாதிப் பாதி. நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள், போத்தலில் தரத்தை வாசியுங்கள். அம்பாறைப் பக்கத்தார் கண்டிக்குப் போகும்போது மகியங்கனை தாண்டி ஏறும் அந்தப் பதினெட்டு வளைவுப் பாதை கூலிங்குக்கும் பிரேக்குக்கும் சரியான பரீட்சை, ஆனால் புதிதாக வாங்கிய காரைச் சரிபார்க்காமல் அங்கே கொண்டுபோக வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற கார்களும் சந்தையில் இருக்கின்றன. 2011 ஜனவரியில், 2024 நவம்பரில் நம் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் வந்த வெள்ளமும் 2025 நவம்பரில் நாடு முழுக்க வந்ததும் எல்லோருக்கும் தெரியும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள், அடி நுனியில் சேற்றுக்கறை தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்களில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம், ஃபியூஸ் பெட்டியில் பச்சை படிந்த முனைகள் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடல்காற்றுத் துருவுக்குக் காரை உயர்த்தி ஜாக் வைக்கும் இடங்களையும் சில்லு வளைவுகளையும் தட்டிப் பாருங்கள். வாங்கிய பிறகு மாதம் ஒரு தடவையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள், மழைக்கு முன், ஒக்டோபரிலேயே, சன்ரூஃப் வடிகாலையும் முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைக்கும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இது கட்டாயம், அந்தத் தண்ணீர் வழி தவறினால் நேரே காரின் மின்னணு கொன்ட்ரோல் யூனிட்டுக்குத்தான் இறங்கும்.

ஏசியை நடுப்பகலில் கார் நின்றபடியே போட்டுப் பாருங்கள். இந்தப் பென்ஸ்களில் காற்றைக் குளிராக்கும் இவப்பரேற்றர் ஒழுகினால் டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், சாமான் விலையைவிடக் கூலி அதிகம்.

காகிதங்களில் சி.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) உள்ள செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் காரோடு ஒப்பிடுங்கள், என்ஜின் மாற்றியிருந்தால் அது சி.ஆரில் ஏறியிருக்க வேண்டும், லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு மட்டும், பல கை மாறிய காரை எடுக்காதீர்கள், கையெழுத்துப் போட்ட ஆளைத் தேடி அலைய நேரிடும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது, ஆகவே வாங்கும் முன்பே புகை அடிக்கச் சொல்லி முடிவைப் பாருங்கள்.

பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டு போங்கள். அந்தக் காசு இல்லையென்றால் இன்னும் கொஞ்சநாள் பொறுங்கள், அல்லது ஒரு படி கீழே உள்ள மொடலைப் பாருங்கள். சாமான் தேவைப்படும்போது கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைக்கு ‘ஈ 240க்கு புஷ்’ என்று கேட்காதீர்கள், செஸி இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சாமான் இலக்கத்தை எடுத்துக் கேளுங்கள். ஒரே மொடலுக்குள் மாதத்துக்கு மாதம் சாமான் மாறியிருக்கும், பிழையானது வந்தால் திருப்பி அனுப்பி மாற்றுவதற்கே நாட்கள் போகும். கொம்பனிப் பெட்டி விலை கூட என்றால் மான், மாலே, லெம்ஃபோர்டர், சாக்ஸ், பொஷ் பெயரில் வாங்குங்கள், கொம்பனிக்கே செய்து கொடுப்பவர்கள் இவர்கள். சஸ்பென்ஷனுக்கும் கூலிங்குக்கும் பெயர் தெரியாத மலிவுச் சாமான் போட்டால் அதே வேலையை அடுத்த வருஷமும் செய்வீர்கள்.

என்ஜின் ஒயில் 7,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. பெற்றோல் 95 ஒக்டேன். 92 அடித்தால் ஓடும், ஆனால் பெரும்பாலான இந்த என்ஜின்கள் 95க்குச் செய்யப்பட்டவை. டயரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம், ஆறு வருஷம் தாண்டியதை ஓரம் புதுசாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் காரை வீட்டில் நிறுத்திவிட்டுப் போவதுண்டு, வீட்டு ஆட்கள் கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டு அணைப்பார்கள். அது போதாது, ஒயில் முழுச் சூட்டுக்கு வராமல் உள்ளே ஈரம்தான் சேரும். உரிமம் உள்ள ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, கல்முனை வரைக்குமாவது ஏசியைப் போட்டு ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள்.